அனைத்தையும் படித்ததாகக் குறி

“சாமி, எனக்கு அடுக்கத் தெரியல,” என்றார் வீரபாகு.

மொட்டைப்பாறைச் சாமி பாறையோரத்து ஓடையில் துணி துவைத்துக்கொண்டிருந்தார். வேட்டியைக் கல்லில் ஓங்கி ஓர் அடி அடித்துவிட்டு நிமிர்ந்தார்.

“எதை?”

வீரபாகு பையிலிருந்து மடிக்கணினியை எடுத்தார். வைத்தியரிடம் புண்ணைக் காட்டுகிறவர்போலப் பாதி மட்டும் திறந்து காட்டினார்.

“இதை. படிக்க வேண்டியதெல்லாம் இதுக்குள்ளதான் இருக்கு. குமிஞ்சு போச்சு.”

“குமியட்டுமே. தீனியா கேக்குது?”

வீரபாகு சிரிக்கவில்லை.

கீழே ஊரில், தேரடிக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர் அவர். உலகத்தில் எது நடந்தாலும் அவரைக் கேட்டால் போதும் என்பது கடைவீதியின் நம்பிக்கை. பனிமலை உருகுகிறதா, மூட்டுவலிக்குப் புது மருந்து வந்திருக்கிறதா, “படிச்சேன், படிச்சேன்” என்பார். லைப்ரரி அண்ணாச்சி என்று பெயர். அந்தப் பெயர் இடுப்பு வேட்டியைப்போல ஆகிவிட்டது அவருக்கு. அவிழ்ந்துவிடக் கூடாது.

உள்ளதைச் சொன்னால், தலைப்புக்குக் கீழே அவர் இறங்கி வெகுகாலம் ஆகிவிட்டது.

“வெளங்கச் சொல்லும்வே,” என்றார் சாமி. “பாறைமேல இருக்கவன்னு பாக்காதீரு. என்கிட்டயும் போன் இருக்கு.”

“இதுக்குள்ளயும் ஓடைன்னு ஒண்ணு இருக்கு சாமி. ஒருத்தர் எழுதுறது நமக்குப் பிடிச்சிருந்தா அவரோட ஓடையில சேந்துகிடலாம். அவரு புதுசா எது எழுதினாலும், நாம தேடிப் போகாமலே நம்ம வாசல்ல வந்து விழும்.”

“விழுந்தா?”

“விழுந்து கிடக்கும்.”

சாமி சோப்புப் போட்டார்.

“அப்புறம் புக்மார்க். நல்லதாக் கண்ணுல பட்டா மேல ஒரு நட்சத்திரம் இருக்கும், அதைத் தொட்டா போதும். பத்திரமா இருக்கும்.”

“படிச்சிட்டுத் தொடுவீரா?”

“படிக்கதுக்காகத் தொடுவேன்.”

“சரி.”

“‘பிறகு படிக்க’ன்னு ஒரு ஃபோல்டர் போட்டேன். அது நெறைஞ்சதும் ‘அவசியம் படிக்க’ன்னு ஒண்ணு. அதுவும் நெறைஞ்சு...”

“சொல்லும்.”

“‘சத்தியமாப் படிக்க.’”

சாமி விழுந்து விழுந்து சிரித்தார். சோப்பு கைதவறி ஓடையில் விழப் பார்த்தது. “உம்ம ஃபோல்டரே உம்மை நம்பல போலிருக்கேவே!”

வீரபாகு தலையைக் குனிந்துகொண்டார்.

“ஓடையில வாரது அதைவிட மோசம் சாமி. படிக்காதது இத்தனைன்னு எண்ணிக்கை காட்டும். காலையில அதைப் பாத்ததும் நெஞ்சை அடைக்கும்.”

“அடைச்சா என்ன செய்வீரு?”



“ஒரு பொத்தான் இருக்கு. ‘அனைத்தையும் படித்ததாகக் குறி’ன்னு. அமுக்கினா அம்புட்டும் படிச்ச கணக்காயிரும்.”

“படிக்காமலே?”

“படிக்காமலே.”

“சுகமா இருக்குமோ?”

“குளிச்ச மாதிரி இருக்கும் சாமி.”

“அமுக்கினதுக்குப் பொறகு, படிச்சேன்னு ஊர்ல சொல்லுவீரு.”

“சொல்லுவேன்.”

“பொய்யில்லையா?”

“பொய் மாதிரியே தோணாது சாமி. அதுவே படிச்சதுன்னுதானே காட்டுது.”

சாமி வேட்டியை அலசி எடுத்தார். நீளமாக முறுக்கி, ஒரு முனையை நீட்டினார்.

“பிடியும்.”

வீரபாகு மடிக்கணினியைப் பாறையில் வைத்துவிட்டுப் பிடித்தார். இருவரும் எதிரெதிராக நின்று முறுக்கினார்கள்.

“இத்தனை வருசம் குமிஞ்சு கிடந்ததுக்கு இன்னைக்கு என்ன அவசரம்? கடையைப் பூட்டிட்டு, விடிஞ்சதும் விடியாததுமா பாறை ஏறி வந்திருக்கீரு.”

“ஒழுங்கு பண்ணலாம்னுதான். எதை வச்சுக்கிட, எதைத் தள்ளன்னு நீங்க ஒரு வழி சொன்னா...”

“பிழியும்.”

“ஒவ்வொண்ணா ரகம் பிரிச்சு...”

“நல்லாப் பிழியும்வே. தண்ணி இன்னும் இருக்கு.”

வீரபாகுவின் கை நின்றது.

“தேவசகாயம் வந்தான்,” என்றார்.

தேவசகாயத்தை அந்த வட்டாரத்தில் தெரியாதவர் கிடையாது. ஆட்டோவில் மைக் கட்டி, ஜவுளிக்கடைத் தள்ளுபடியிலிருந்து மாதா கோயில் கொடியேற்றம் வரை கூவியவர். பள்ளிக்கூடத்து நாளிலிருந்தே வீரபாகுவுக்குச் சேக்காளி. தொண்டையில் கட்டி வந்து, ஆபரேஷனில் குரலோடு சேர்த்து எடுத்துவிட்டார்கள். அதன் பிறகு எழுத ஆரம்பித்தார். ஒரு வலைப்பூ. தெருநாய், ரேஷன் கடை, தன் சமையல், எதை எழுதினாலும் கிண்டல். அவருடைய ஓடையில் முதலில் சேர்ந்தவர் வீரபாகுதான்.

சேர்ந்த புதிதில் படிக்கவும் செய்தார்.

அப்புறமும், எங்கே பார்த்தாலும், “படிச்சேன்டே, வயிறு வலிக்கச் சிரிச்சேன்,” என்பார். தேவசகாயம் நெஞ்சில் கையை வைத்துக் குனிந்து நன்றி சொல்வார், மேடைக்காரர்கள் செய்வதுபோல.

“நேத்து கடைக்கு வந்தான். போன்ல தட்டிக் காட்டினான். ‘கடைசியா எழுதினது பாத்தியா?’ன்னு.”

“நீரு?”

“கடையில ஆள் நின்னுச்சு சாமி. ஆதார் கார்டு நகல் எடுக்க...”

“நீரு என்ன சொன்னீரு?”

“வயிறு வலிக்கச் சிரிச்சேன்டேன்னு சொன்னேன்.”

முறுக்கிய வேட்டி இருவருக்கும் நடுவே விறைத்து நின்றது.

“அவரு?”

“என் மூஞ்சியவே பாத்தான். பொறகு தோள்ல ஒரு தட்டு தட்டிட்டு எறங்கிப் போயிட்டான். சிரிச்சானான்னு தெரியல சாமி. சிரிச்ச மாதிரிதான் இருந்துது.”

“அது கெடக்கட்டும். அதுக்குப் பொறகாவது படிச்சீரா?”

“அதைத்தான் தேடணும். அது வந்த அன்னைக்கே பொத்தானை அமுக்கிட்டேன்லா, படிச்சதோட படிச்சதா அடியில போயிட்டு. மொதல்லயே அடுக்கி வச்சிருந்தா...”

“அவரு பேரைப் போட்டுத் தேடினா வராதோ?”

வீரபாகு வேட்டியை இன்னொரு முறுக்கு முறுக்கினார்.

“கேட்டேன்.”

“வரும்.”

“எம்புட்டு நேரம் ஆகும்?”

“கண்ணை மூடித் தொறக்கதுக்குள்ள.”

“ராத்திரி ஒறங்கினீரா?”

“இல்ல.”

சாமி வேட்டியை உதறிப் பாறையில் விரித்தார். நாலு முனையிலும் கல் வைத்தார். நிதானமாக வந்து வீரபாகுவுக்கு எதிரே சப்பணமிட்டு உட்கார்ந்தார்.

“படியும்.”

“சாமி, வேண்டாம்.”

“சத்தமாப் படியும். அவரு தொண்டையத்தான எடுத்தாங்க? உம்மது இருக்குல்லா?”

வீரபாகுவும் உட்கார்ந்து, மடிக்கணினியை எடுத்துப் பெயரைத் தட்டினார். வந்துவிட்டது. படித்தவை எல்லாம் அதில் மங்கலாகத் தெரியும். இதுவும் மங்கித்தான் கிடந்தது.

திறந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“‘அன்பார்ந்த பொதுமக்களே, தாய்மார்களே! போன தடவை தொண்டையிலிருந்து துரத்திவிட்ட விருந்தாளி மீண்டும் நமதூருக்கு வருகை தந்திருக்கிறார் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறோம். இந்த முறை ஜாகை நெஞ்சுக்குள்...’”

படிப்பதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். சாமி கையை மட்டும் அசைத்தார். மேலே.

“‘செவ்வாய்க்கிழமை மத்தியானம் பாளையங்கோட்டையில் பெரிய டாக்டர் பார்க்கிறார். கூட ஓர் ஆள் வர வேண்டுமாம். டாக்டரிடம் நான் கேட்க வேண்டியதைக் கேட்க, எனக்காக வாய் திறக்க. மகன் கப்பலில் இருக்கிறான். கேட்கலாம் என்றால் எனக்கு ஒரே ஓர் ஆள்தான் உண்டு. அவனிடம் சொல்வதும் கிணற்றுக்குள் குரல் கொடுப்பதும் ஒன்று. எது சொன்னாலும் வயிறு வலிக்கச் சிரித்தேன் என்றுதான் திரும்பி வரும்.’”

“மேல.”

“‘அவன் படிப்பதில்லை என்று எனக்கு ரொம்ப நாளாகத் தெரியும். ஒரு தடவை வெறும் தலைப்பை மட்டும் போட்டேன். அடியில் ஓர் எழுத்துகூட இல்லை. அதற்கும் சிரித்தேன் என்றான்.’”

வீரபாகுவின் காது மடல் சிவந்துவிட்டது. திரையை மூடிவிடலாமா என்று விரல் போயிற்று. மூடவில்லை.

“‘யாரும் அவனைத் திட்ட வேண்டாம். அவன் அப்படிச் சொல்கிற நேரம் நான் திரும்பவும் மைக் பிடித்து நிற்கிற மாதிரி இருக்கும். அது போதும் என்றுதான் இத்தனை நாள் இருந்தேன். இந்தச் செவ்வாய்க்கு மட்டும் போதவில்லை. நேரில் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. எழுதிவிட்டேன்.’”

அவ்வளவுதான். அதற்குக் கீழே ஒன்றும் இல்லை.

பாறையில் விரித்த வேட்டி காய ஆரம்பித்திருந்தது.

“இன்னைக்கு என்ன கிழமைவே?” என்றார் சாமி.

வீரபாகு திரையின் மூலையில் தேதியைப் பார்த்தார். செவ்வாய்.

சாமி எழுந்து பாறை விளிம்புக்குப் போனார். குனிந்தார். வீரபாகுவின் செருப்பு இரண்டையும் தன் கையால் எடுத்துக்கொண்டு வந்து, அவர் காலடியில் ஜோடி சேர்த்து வைத்தார்.

“ஐயோ சாமி, நீங்க போயி...”

“மாட்டும். பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கு.”

வீரபாகு எழுந்தார். கால் செருப்பைத் தேடியது, நுழையவில்லை.

“எந்த மூஞ்சியோட சாமி அவன் முன்னால போயி நிப்பேன்?”

“படிக்காத மூஞ்சியோட,” என்றார் சாமி.