தறித்தெருவுக்கு அடியில்

"நன்றி கெட்ட ஊரும்மா இது" என்றார் மழவராயர்.

மடத்து உமையாள் அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அவருக்கு நாற்பது வயதுகூட இல்லை. அறுபதைத் தாண்டிய மழவராயர் அவரிடம்தான் உபதேசம் கேட்க வருவார்.

குறை இதுதான். நகரத்துக்கு அடியில் மழவராயரின் முன்னோர் ஒருவர் கட்டிய அரண்மனை புதைந்து கிடக்கிறது. ஊரே அதன்மேல் குடியிருக்கிறது. கட்டிய மன்னன் பேர் மட்டும் ஒருத்தருக்கும் தெரியாது.

"எனக்குப் பிள்ளை இல்ல. நான் போய்ட்டா அந்தப் பேரைச் சொல்ல ஆளில்ல. ஒரு சுவராவது கிடைச்சா, பேரை வெட்டி ஒரு கல்லு நட்டுட்டுக் கண்ணை மூடுவேன்."

அம்மா மண்வெட்டியை எடுத்துக் கொடுத்தார். மடத்துக் கொல்லையிலேயே தோண்டச் சொன்னார். மண்ணை எங்கே கொட்டலாம் என்று மட்டும் தறித்தெருக்காரர்களைக் கேட்டுக்கொள்ளச் சொன்னார்.

ராஜ வம்சம் தறிக்காரர்களிடம் போய்க் கேட்குமா? தெருமுனையில் ஒரு பள்ளம் இருந்தது. குப்பைக் குழி என்று அவரே முடிவு கட்டி, கூடை கூடையாக அதில் கொட்டினார்.

ஒரு நாள் சுவர் தட்டுப்பட்டது. முழங்கை நீளச் செங்கற்கள். இடுக்கில் நகம் நுழையவில்லை. தடவித் தடவிப் பார்த்தார். சாப்பாட்டையே மறந்துவிட்டார்.

அன்று மாலையே மழை பிடித்துக்கொண்டது.

எத்தனை பெய்தாலும் தண்ணீர் நிற்காத தெரு அது. அன்று நின்றது. வாசற்படி ஏறியது. இன்னும் ஒரு சாண் ஏறினால் தறிக்குழிகளில் இறங்கிவிடும். தீபாவளிக்காகத் தறியில் ஏற்றிய பாவு நூலெல்லாம் பாழாகிவிடும்.

"முனையில மண்ணைக் கொட்டுனது யாரு?" என்று கேட்டாள் ஒரு பெண்.

மழவராயர் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். பள்ளத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி வெட்டினார். பிறகு கையாலேயே அள்ளினார். அம்மாவும் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு கூடை பிடித்தார்.

பள்ளத்துக்கு அடியில் இருந்த மடைவாய் திறந்து, மண் பொளுக்கென்று உள்ளே போனது. தெருத் தண்ணீரெல்லாம் சுழித்துக்கொண்டு பின்னாலேயே இறங்கியது. காலுக்குக் கீழே அது ஆற்றை நோக்கி ஓடும் சத்தம் நன்றாகக் கேட்டது.

"நீங்க கண்டுபிடிச்ச சுவர் இதோடதுதான்" என்றார் அம்மா. "அரண்மனைத் தண்ணி வடியக் கட்டின கால்வாய்."

அரண்மனை விழுந்தும் கால்வாய் நிற்கிறது. என்ன கட்டு இது என்று மழவராயர் மலைத்துப் போனார். கண் நிறைந்துவிட்டது.

வாசல்களில் நின்ற பெண்கள் கைகூப்பினார்கள். "கட்டுன புண்ணியவான் எங்க இருந்தாலும் நல்லா இருக்கணும்."

"யாரைச் சொல்றாங்க?" என்று கேட்டார் மழவராயர்.

"அவங்களுக்குத் தெரியாது. மழைத் தண்ணி வடியறப்பல்லாம் இப்படித்தான் சொல்லுவாங்க." அம்மா முகத்துச் சேற்றைத் துடைத்துக்கொண்டார். "பேரைச் சொல்லிடட்டுமா?"

மழவராயர் வாசல்களைப் பார்த்தார். கைகள் இன்னும் கூப்பியபடியே இருந்தன.

"புண்ணியவான்ங்கிற அந்தப் பேரே இருக்கட்டும்மா."