எல்லா ரோட்டுக்குமான டயர்

சர்க்... சர்க்... சர்க்...

சத்தம்தான் முதலில் வந்தது. சந்து முனையில் இன்னும் ஆள் தெரியவில்லை. ஜெசிந்தா கையிலிருந்த ட்யூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிப் பிடித்தபடியே காது கொடுத்தாள். சக்கரம் ஒரு சுற்றுக்கு ஒரு சர்க். டயர் இடம் போதாமல் எங்கேயோ உரசுகிறது.

"சொன்னதைக் கேக்காம மாட்டிட்டாரு" என்று தண்ணீரிடம் சொன்னாள்.

திருமூர்த்தி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். முழங்கால் வரை சேறு. மணி எட்டுகூட ஆகவில்லை. வழக்கமாகப் பத்துக்குத்தான் வருவார்.

நூல் மில்லில் முப்பத்தாறு வருஷம் மேஸ்திரியாக இருந்துவிட்டுச் சித்திரையில் ஓய்வு பெற்ற மனிதர். மறுவாரமே அவள் சைக்கிள் கடை வாசலில் வந்து நின்று, "எனக்குத் தொழில் கத்துக் குடுங்க வாத்தியாரம்மா" என்றார். அவருக்கு அறுபத்தொன்று, அவளுக்கு முப்பத்தெட்டு. விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தாள்.

"ஊட்ல அக்கா ஒண்ணும் சொல்லலீங்களா?"

"அவதானுங்க, எங்கியாச்சும் போயிட்டு வாங்களேன்னா."

ஜெசிந்தா ஒரே ஒரு சட்டம் போட்டாள். ஒரு கேள்விக்கு ஒரு ஃப்ரீவீல். கேள்வி கேட்டால், பின்சக்கரத்துப் பல்லு ஒன்றைக் கழற்றி, மண்ணெண்ணெய் டப்பாவில் போட்டு, பிரஷால் தேய்த்துக் கொடுக்க வேண்டும். அவர் வந்த ஆறு மாதத்தில் அந்தக் கடையில் அழுக்கான ஃப்ரீவீல் என்று ஒன்று இல்லாமல் போயிற்று.

போன மாதம் முழுக்க அவருக்கு ஒரே கேள்விதான். எல்லா ரோட்டுக்கும் ஆகிற டயர் எது?

அவருடையது பழைய ரேஸ் சைக்கிள். ஆட்டுக்கிடாக் கொம்பு மாதிரி வளைந்த ஹேண்டில், விரல் தடிமனில் டயர். தார் ரோட்டில் அம்பு மாதிரிப் போகும். மண்ணில் இறங்கினால் வழுக்கும். அவர் மனைவி மயிலாத்தாளோ ஆடி மாதம் ஜெசிந்தாவிடம் ஒரு லேடீஸ் சைக்கிள் வாங்கி, ஐம்பத்தைந்து வயதில் பள்ளிக்கூட மைதானத்தில் விழுந்து எழுந்து பழகி, தினமும் காலை ஆறு மணிக்கு வாய்க்கால் மேட்டு மண்பாதையில் தனியாகப் போய்வந்தாள். நானும் வருகிறேன் என்று இவர் கிளம்பினால், "உங்க வண்டிக்கு அந்த ரோடு ஆகாதுங்க" என்று சொல்லிவிட்டு மிதித்துப் போய்விடுவாள்.

ஜெசிந்தா அப்போதே ஆறாம் நம்பர் எல்-கீயை, அந்த வளைந்த இரும்புக் கம்பியை, எடுத்து, டயருக்கும் சக்கரத்தைக் கவ்வியிருக்கும் ஃபோர்க்குக்கும் நடுவே விட்டுக் காட்டினாள்.

"டயரு மாட்டின பொறகும் இது தட்டாமச் சுத்தி வரோணும். உங்க வண்டிக்கு அகலம் இருபத்தெட்டு எம்எம். அதுக்கு மேல ஆசைப்படாதீங்க."

அவர் கோயமுத்தூருக்கு ஆள் சொல்லி முப்பத்திரண்டு வரவழைத்துவிட்டார். நடுவில் வழவழப்பு, ஓரத்தில் பொடிப்பொடியாக மொட்டு. பார்க்க லட்சணமான டயர்தான்.

இப்போது அதன் லட்சணம் சேற்றுக்குள் இருந்தது.

"காத்து எவ்வளவு அடிச்சீங்கண்ணா?"

திருமூர்த்தி எதிர்ச்சுவரைப் பார்த்தார். "பாதி."

"ஏன்?"

"முழுசா அடிச்சா உரசுச்சு. பாதி அடிச்சா உரசல. செரி, இப்படியே போயிக்கலாம்னு..."

"சட்டை பத்தலைன்னா நாள் பூரா மூச்சைப் புடிச்சுக்கிட்டே போட்டுக்குவீங்களாக்கும்."

வழக்கமாக இதற்கு வாய்விட்டுச் சிரிப்பார். இன்று சிரிக்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அவளுக்குத் தெரியாம பின்னாலயே போனனுங்க. அரை மைலுகூட இல்ல. ராத்திரி பேஞ்ச மழைல பாதை பூரா களிமண்ணு. சக்கரம் அப்படியே புடிச்சுக்கிச்சு. முன்னாலயும் போகாது, பின்னாலயும் போகாது. பேரு சொல்லிக் கூப்பிட்டேன்."

"அக்கா?"

"திரும்பி வந்துட்டா. நான் வண்டியத் தோள்ல தூக்கிக்கிட்டேன். அவளும் எறங்கி, வண்டியத் தள்ளிக்கிட்டே கூட நடந்தா. வழி நெடுக ஒரு வார்த்தை இல்ல. வாசல்ல வண்டிய எறக்கி, சக்கரம் சுத்தற அளவுக்கு நான் மண்ணத் தள்ளறப்பத்தான், இன்னைக்கு மீன்கொத்தியப் பாக்கவே இல்லைன்னா."

"எந்த மீன்கொத்தி?"

"அதையேதான் நானும் கேட்டேன். தெனமும் பாப்பாளாம். மதகுக்குப் பக்கத்துல ஒரு கம்பி மேல உக்காந்திருக்குமாம். மூணு மாசமா. எங்கிட்டச் சொன்னதே இல்லீங்க."

கையில் காய்ந்திருந்த சேற்றை நகத்தால் சுரண்டினார்.

"நாளையிலிருந்து போகலீங்கறா. சைக்கிள உங்ககிட்டயே குடுத்துரச் சொல்றா. முப்பத்துமூணு வருசத்துல அவளா ஆசைப்பட்டு வாங்கினது அது ஒண்ணுதான், வாத்தியாரம்மா. அதையும் நான் கெடுத்துட்டேன்."

ஜெசிந்தா ட்யூபைத் தண்ணீரிலிருந்து எடுத்து மடியில் வைத்துத் துடைத்தாள்.

"சொல்லுங்க. இந்த ஃபோர்க்கக் கொஞ்சம் நெம்பி அகலம் பண்ணிக்கலாமா? எவ்வளவு சேறு வந்தாலும் நிக்காத மாதிரி ஒரு டயரு. நான் நிக்காமப் போனா அவ எதுக்குத் திரும்பி வரப் போறா?"

அவள் வேறொன்று கேட்டாள்.

"அந்த ஒரு மணி நேரம் போக, மத்த நேரம் அக்கா எங்கண்ணா இருப்பாங்க?"

"எங்கூடத்தான்!" அவர் முகம் சட்டென்று மலர்ந்தது. "ரிட்டயர்டு ஆனதுல இருந்து ஒரு நிமிசம் தனியா விட்டதில்லீங்க. அவ காய் நறுக்கினா நான் பக்கத்துல. கடைக்குப் போனா பை என் கையில. துணி காயப் போட்டாக் கிளிப்பு எடுத்துக் குடுப்பேன். இங்க இருக்கறப்பகூட நாலு தடவை போன் பண்ணலைன்னா எனக்கு இருப்புக் கொள்ளாது. உங்களுக்கே தெரியுமே."

அவளுக்குத் தெரியும். ஜெசிந்தாவின் வீட்டுக்காரர் மஸ்கட் போய் ஏழு வருஷம். வெள்ளிக்கிழமைதோறும் ஒரு போன் வரும். அவள் கையிலிருந்த ட்யூபை ஓரமாக வைத்தாள். பிறகு எழுந்து, அவருடைய சைக்கிளைத் தூக்கிக் கொக்கியில் மாட்டினாள்.

ஸ்க்ரூ டிரைவரால் ஃபோர்க்கிலும் டயரிலும் அப்பியிருந்த மண்ணையெல்லாம் சுரண்டி எடுத்தாள். அதில் தண்ணீர் தெளித்துப் பிசைந்து கொழுக்கட்டை அளவுக்கு உருட்டினாள். சுத்தமாகிவிட்ட முன்டயரின் மேல் அதை அப்பினாள்.

"சுத்துங்க."

திருமூர்த்தி சுற்றினார். மண் ஃபோர்க்கைத் தொட்டது. சக்கரம் நின்றது. இன்னும் பலமாகச் சுற்றப் பார்த்தார். சைக்கிள்தான் கொக்கியில் ஆடியது.

அவள் சக்கரத்தைக் கழற்றி, முப்பத்திரண்டை உரித்துப் போட்டாள். சுவர் ஆணியில் ஒரு ஜோடி டயர் தொங்கியது. இருபத்தெட்டு. அதே வழவழப்பு, ஓரத்தில் அதே மொட்டு.

"இது எப்ப வந்துச்சு?"

"போன வாரம். எப்படியும் வருவீங்கன்னு எடுத்து வெச்சேன்."

ஒன்றை மாட்டிக் காற்றை முழுசாக அடித்தாள். அதே மண்ணை மறுபடியும் உருட்டி டயரில் அப்பினாள்.

"இப்பச் சுத்துங்க."

மண் டயரோடு ஒட்டிக்கொண்டு மேலே போனது. ஃபோர்க்குக்குள் நுழைந்தது. அந்தப் பக்கமாக வெளியே வந்து, தொப்பென்று தரையில் விழுந்தது. சக்கரம் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது.

"போயிருச்சு!" என்றார் திருமூர்த்தி.

ஜெசிந்தா எல்-கீயை டயருக்கும் ஃபோர்க்குக்கும் நடுவே விட்டு எடுத்தாள்.

"இங்க என்னங்கண்ணா இருக்குது?"

"ஒண்ணுமில்லீங்க. சும்மா காலி எடம்."

"மண்ணு எது வழியாப் போச்சு?"

அவர் குனிந்து அந்தக் காலி இடத்தைப் பார்த்தார்.

சக்கரம் மெல்ல மெல்ல ஓய்ந்து நின்றது. பழக்கதோஷத்தில் அவர் கை சட்டைப் பைக்குப் போய் போனை எடுத்தது. மயிலாத்தாள் பெயர் வரைக்கும் விரல் போயிற்று. பிறகு போனை அணைத்துப் பைக்குள்ளேயே போட்டுக்கொண்டார்.

"அவ போகமாட்டேங்கறாளே, வாத்தியாரம்மா."

"வித்த வண்டியத் திரும்ப வாங்கறதில்லைன்னு நாஞ் சொன்னதாச் சொல்லீருங்க. அக்கா வண்டியில காத்து அடிச்சு வாசல்ல நிறுத்தி வெய்ங்க. வெச்சுட்டு, அவங்களுக்கு முன்னாலயே நீங்க கெளம்பீருங்க."

"எந்த ரோட்டுல?"

"தார் ரோட்டுல. பாலத்துக்கிட்ட வாய்க்காலும் ரோடும் ஒண்ணா வந்து சேருதில்லீங்களா, அங்க ஒரு டீக்கடை இருக்குது. ஏழு மணிக்கு அங்க நிப்பேன்னு அக்காகிட்டச் சொல்லீட்டுப் போயி நில்லுங்க. திரும்பி வரச் சரளை ரோடு. ரெண்டு வண்டி பக்கத்துல பக்கத்துல தாராளமாப் போகும். அதுக்குத்தான் இந்த மொட்டு வெச்ச டயரு."

திருமூர்த்தி தலையாட்டினார். தரையில் விழுந்து கிடந்த மண்ணுருண்டையைக் குனிந்து எடுத்தார். ஒருபக்கம் டயரின் மொட்டு அச்சாகப் பதிந்திருந்தது. அதை என்ன செய்வதென்று தெரியாமல் உள்ளங்கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"அப்ப அந்த மீன்கொத்திய நான் எப்பத்தான் பாக்கறது?"

"டீக்கடையில அக்கா வந்து சொல்லுவாங்கல்ல, அப்ப."

அவர் கேட்ட கேள்விக்கு ஒரு ஃப்ரீவீல் கடன் இருந்தது. மண்ணெண்ணெய் டப்பாவை இழுத்து வைத்துக்கொண்டு, ஃப்ரீவீல் பெட்டிக்குள் கையை விட்டுத் துழாவினார். எல்லாம் பளபளவென்று இருந்தன. கொஞ்சம் யோசித்தார். கொக்கியிலிருந்து தன் வண்டியை இறக்கி, சேறு படிந்த பின்சக்கரத்தைக் கழற்றினார். பல்லைத் தனியே எடுத்து டப்பாவில் முக்கி, பிரஷை எடுத்துத் தேய்க்கத் தொடங்கினார்.

ஜெசிந்தா ட்யூபை மறுபடியும் தண்ணீரில் அமுக்கி, குமிழி எங்கிருந்து வருகிறதென்று பார்த்தாள்.