கூட்டித் தள்ளிய இலைகள்

உப்பங்கழிக் கரையில், சுரபுன்னை மரங்களுக்கு நடுவே ஒரு சின்ன மடம் இருந்தது. அதன் குரு சிவகாமி அம்மையாருக்கு வயது நாற்பத்திரண்டு. சீடர் மேகநாதனுக்கு அறுபத்துமூன்று. முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் வேதியியல் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்தவர் என்பதால் எல்லோருக்கும் அவர் வாத்தியார்தான், குருவுக்கும் சேர்த்து.

மடத்தை ஒட்டிய ஓடையைச் சுத்தமாக வைப்பது வாத்தியார் தானாக எடுத்துக்கொண்ட தொண்டு. சேற்றில் விழுந்த இலைகளை விடிந்ததும் ஒன்றுவிடாமல் கூட்டுவார். தண்ணீரில் மிதப்பதைக் கூடையால் அரித்தெடுப்பார். எல்லாவற்றையும் காயவைத்து எரிப்பார். ஒன்றரை வருடமாக ஒருநாளும் தப்பியதில்லை. மனிதருக்கு எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாது, அதுதான் வினையாகிவிட்டது.

அந்த ஓடையில் கன்னியம்மா இறால் பிடிப்பார். வலை கிடையாது. ஓலையால் பின்னிய பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, கழுத்தளவுத் தண்ணீரில் கையாலேயே தடவிப் பிடிப்பார். ஒருநாள் கரையேறி வாத்தியார் முன்னால் பறியைக் கவிழ்த்தார். நாலே நாலு இறால் விழுந்தன.

"ஒண்ணும் ஆம்புடல சாமி. ரெண்டு வருசத்துக்கு முந்தி இந்நேரம் பறி ரொம்பிடும். வர்ற வெள்ளிக்கெழம புள்ளைங்க மூணையும் கூட்டிக்கிட்டு செங்கச் சூளைக்குப் போறேன். முன்பணம் வாங்கிட்டு உள்ள போனா வெளிய வர்றது லேசு இல்ல. வேற வழி தெரியல."

வாத்தியாருக்கு மனசு கேட்கவில்லை. நேரே குருவிடம் போனார்.

"அம்மா, இவ்வளவு சுத்தமா வெச்சிருக்கிற ஓடையில இறால் ஏன் இல்லாமப் போச்சு?"

"முதல்ல சாப்பிட வாங்க."

பந்தியில் இலை போட்டார்கள். சோறும் குழம்பும் விழுந்தன. வாத்தியார் பிசைந்து முதல் கவளத்தை எடுக்கப்போன நேரத்தில், குரு குனிந்து அவருடைய இலையைச் சோற்றோடு உருவி எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார்.

பந்தியே திகைத்தது. பகையாளிக்குக்கூட யாரும் அதைச் செய்வதில்லை. வாத்தியார் அவமானம் தாங்காமல் பின்னாலேயே ஓடினார்.

"அம்மா, நான் இன்னும் சாப்பிடவே இல்லையே."

"அப்படியா? இலை கீழ கிடந்துச்சு. சுத்தம் பண்ணலாம்னு எடுத்தேன்."

குரு இலையைத் திண்ணையில் வைத்துவிட்டு, துடைப்பம் எட்டாத வேர்களுக்குள் அவரைக் கூட்டிப்போனார். இருவரும் சேற்றில் குந்தினார்கள். பழுத்த இலை ஒன்று விழுந்தது. கட்டைவிரல் அளவு நண்டு ஓடிவந்து, தன்னைவிடப் பெரிய அந்த இலையை வளைக்குள் இழுத்தது.

"நண்டு தின்ன மிச்சம்?" என்றார் குரு.

"துணுக்காகி அழுகும். அதுல கண்ணுக்குத் தெரியாத உயிரெல்லாம் படியும்."

"அதை?"

"இறால் குஞ்சு தின்னும்."

"இறாலை?"

"மீன். மீனைக் கொக்கு, நீர்நாய்." வாத்தியாரின் குரல் இறங்கியது. "அப்புறம் கன்னியம்மாவோட பறி."

"எல்லாம் தெரிஞ்சிருக்கே."

"முப்பது வருஷம் போர்டுல வரைஞ்சிருக்கேன் அம்மா. காத்துல இருக்கிற கார்பனை மரம் இழுத்து இலையாக்கும். இலையிலேருந்து ஒவ்வொரு வயித்துக்கும் அம்புக்குறி போடுவேன்."

"நீங்க எரிச்ச இலை எந்த வயித்துக்குப் போச்சு?"

"ஒரு வயித்துக்கும் போகலை. வந்த காத்துக்கே திரும்பிடுச்சு."

நண்டு மறுபடி வெளியே வந்து அடுத்த இலையைப் பிடித்தது. வாத்தியார் கண் எடுக்காமல் பார்த்தார். அரிசி அளவுதான் இருந்தது அதன் கொடுக்கு. அதை நம்பி இத்தனை உயிர்கள். போர்டில் வரைந்த காலத்தில் ஒருநாள்கூட அவர் இப்படி வியந்ததில்லை. கண் கலங்கிவிட்டது.

எழுந்து போய், எரிக்க வைத்திருந்த மூன்று சாக்கு இலையையும் ஓடையில் கொட்டிவிட்டு வந்தார்.

"இறால் திரும்பி வர எத்தனை நாள் ஆகும்?"

"ஒரு மழைக்காலம் போகணும்."

"வெள்ளிக்கிழமை கன்னியம்மா போயிடுவாங்களே."

"போய்க் கூப்பிடுங்க. மழை முடியற வரைக்கும் பந்தியில நாலு இலை கூடப் போடணும். நீங்களே போடுங்க வாத்தியாரே. அவங்க கை கழுவ எழுந்திரிக்கிற வரைக்கும் பக்கத்துலயே நில்லுங்க."