நான்கு மூங்கில் கால்கள்

முன்னொரு காலத்தில் ஓர் அரசர் இருந்தார். தமக்கு மேலே எதுவும் நிற்கப் பொறுக்காதவர். மறைந்த அரசியார் தம் கையால் ஊன்றிய அவரைக்கொடி, நந்தவனத்தில் நான்கு நெடிய மூங்கில் கால்களைப் பற்றி ஏறி, ஒருநாள் அவர் நின்ற உப்பரிகையைத் தாண்டித் தலை நீட்டியது.

"மன்னருக்கு மேலே ஒரு காய்கறியா?" என்றார் அமைச்சர் பூவராகர்.

"வெட்டுங்கள்! இனி என் அரண்மனையில் அவரை ஏறக் கூடாது. என் மண்ணில் அது வேர் விடவும் கூடாது!"

முரசும் அறைந்தாகிவிட்டது. அன்று மாலை வெறும் மூங்கில்களைப் பார்த்த அரசருக்குச் சோறு இறங்கவில்லை.

சில நாளில் மகள் அலர்மேலிடமிருந்து சேதி வந்தது. தலைப்பிரசவத்துக்கு வரப் போகிறாள். அந்தக் குலத்தில், பிரசவத்துக்கு வரும் பெண் முதல் கவளத்தை அவரைக்காய்ப் பொரியலோடுதான் உண்பாள். காய் தாய்வீட்டிலேயே காய்த்ததாக இருக்க வேண்டும்.

அரசர் விகடர் சாத்தனாரை அழைத்தார். சாத்தனார் விகடர்களான எங்கள் வழியில் மூத்தவர். கோமாளி என்று சிலர் சொல்வது தவறு. அவர் அவையில் ஆசனம் உடையவர்.

"விகடரே, அரண்மனையில் அவரை காய்க்க வேண்டும். என் ஆணையும் உடையக் கூடாது. கொடியை வெட்டியது என் மகளுக்குத் தெரியவும் கூடாது."

"முதல் இரண்டும் ஆகும், மன்னவா. மூன்றாவது தங்கள் பாடு."

மேல்மாடத்தில் தொட்டி வைத்து வளர்ப்பதாகச் சாத்தனார் ஏற்றுக்கொண்டார். பூவராகர் உள்ளே பொருமினார், வெளியே இனித்தார். "தொட்டிகள் என் அன்பளிப்பு" என்று, அரச முத்திரை பொறித்த செப்பு அண்டாக்களை அனுப்பினார். முத்திரைப் பாத்திரத்தில் ஓட்டை போட்டால் தலை போகும். நீர் வடியாத தொட்டியில் வேர் அழுகும். போதாததற்குத் தினமும் தாமே மேல்மாடத்துக்கு வந்து குடம் குடமாக ஊற்றினார்.

"ஊற்றுங்கள் ஐயா, நன்றாக ஊற்றுங்கள்" என்றார் சாத்தனார்.

அலர்மேல் வந்த அன்று, அண்டாக்களில் முழங்கால் உயரச் செடிகள் கொத்துக் கொத்தாகக் காய்த்திருந்தன.

"ஆணை மீறல்!" என்று கத்தினார் பூவராகர்.

"ஏறியதா, ஐயா? இது குத்தவரை. கொடி ஓடாது. மண்ணும் மன்னர் மண் அல்ல, எங்கள் கொல்லை மண்."

"அப்படியானால் அண்டாவை ஓட்டை போட்டிருக்கிறீர்!"

சாத்தனார் ஒரு செடியைத் தூக்கினார். அது அடியில் துளையிட்ட மண்சட்டியோடு வந்தது. உள்ளே செங்கல் மேல் அதை வைத்திருந்தார். வடிந்த நீர் அண்டாவின் அடியில் தளும்பியது.

"அமைச்சர் காலையில் ஊற்றிய நீரையே மாலையிலும் மொண்டு ஊற்றினேன். கிணற்றுப் பக்கமே போகவில்லை. பரிசில் பாதி அவருக்கு, மன்னவா."

அவை அதிர்ந்தது. அரசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "என்ன வேண்டும், கேளும்!"

"மகளார் முதலில் உண்ணட்டும்."

அலர்மேல் ஒரு கவளம் உண்டாள். கை நின்றது.

"அப்பா, இது அம்மாவின் அவரை இல்லையே?"

அரசர் தலை குனிந்தார். "இல்லையம்மா. அதை நான்தான் வெட்டச் சொன்னேன்."

அவள் தந்தையைப் பார்த்தாள். இலையில் இருந்ததை ஒரு பருக்கை மிச்சமில்லாமல் உண்டாள்.

பூவராகர் மெல்லச் சொன்னார்: "அந்த வெறும் மூங்கில்களைப் பிடுங்கிவிடலாம், மன்னவா. பார்க்கப் பார்க்க வருத்தம்."

"அவைதாம் எனக்குப் பரிசு" என்றார் சாத்தனார். "நின்ற இடத்திலேயே நிற்கட்டும்."

அரசர் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். "ஏறக் கூடாதென்றது கொடியைத்தான், மூங்கிலை அல்ல. தந்தேன்."

சாத்தனார் பொன் வாங்கினார் என்று சொல்வோர் உண்டு. வாங்கவில்லை. அந்த நான்கு கால்களும் உப்பரிகைக்கு மேலே வெறுமையாய் நின்றன. அரசர் இருந்தவரை, அங்கே வரும்போதெல்லாம், அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனார்.