பதினோராவது ஸ்பிரிங்

கோயம்புத்தூரில் லேத் பட்டறை வைத்திருப்பவர் கையில் எதைக் கொடுத்தாலும் கழற்றிப் பார்க்காமல் விடமாட்டார். சென்னியப்பன் கையில் போட்டித் துப்பாக்கியே கிடைத்துவிட்டது. கேட்கவா வேண்டும்!

நான் துப்பாக்கி சுடும் ரேஞ்சில் அவருக்குப் பக்கத்தில் நின்று சுடுகிறவன். மூன்று வருடமாக அந்தக் கூத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பிஸ்டலில் குண்டு கிளம்பியதும் மேல்பாகம் பின்னால் ஓடும். அதைத் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பது உள்ளே இருக்கும் ஒரு ஸ்பிரிங். ஸ்பிரிங் கோணாமல் இருக்க நடுவில் ஒரு கம்பி, அதற்குக் கைடு ராடு என்று பெயர். அவ்வளவுதான் சமாச்சாரம். இதற்குப் போய் மனுஷர் பத்து ஸ்பிரிங் சேர்த்துவிட்டார். கம்பியையும் விடவில்லை. எஃகில் ஒன்று, பித்தளையில் ஒன்று என்று தன் லேத்திலேயே கடைந்துகொண்டு வந்தார்.

அவருடைய குறை ஒன்றே ஒன்று. குண்டு குறிக்குக் கீழே போய் விழுகிறது. ஸ்பிரிங் விறைப்பாக இருந்தால் மேல்பாகம் வேகமாகத் திரும்பி வந்து முனையைக் கீழே தள்ளுகிறது என்பார். உடனே இளக்கமானதைப் போடுவார். அதைப் போட்டால் உதை தாங்கவில்லை என்பார். துப்பாக்கி கையைப் பின்னால் தள்ளுவதை எங்கள் ரேஞ்சில் உதை என்றுதான் சொல்வோம். மறுபடி விறைப்பானது வரும்.

மாநில அணித் தேர்வுப் போட்டியில் மூன்று வருடமும் ஒன்றிரண்டு புள்ளியில் தவறிப்போனார். இந்த ஞாயிற்றுக்கிழமையும் தேறாவிட்டால் துப்பாக்கியை விற்றுவிடுவதாகப் பெண்டாட்டியிடம் வாக்குக் கொடுத்திருந்தார். அந்த அம்மாள் லேசில் மறக்கிற ஆள் இல்லை.

எங்கள் பயிற்சியாளர் பௌசியாவுக்கு வயது முப்பத்தொன்று, சென்னியப்பனைவிடப் பதினாறு வயது சின்னவர். பேர் சொல்லிக் கூப்பிட மனசு வராமல், மேடம் என்றும் வாயில் வராமல், சென்னியப்பன்தான் 'மாஸ்டர்' என்று ஆரம்பித்தார். பிறகு நாங்களும் அப்படியே கூப்பிட்டோம்.

வெள்ளிக்கிழமை காலையில் சென்னியப்பன் பதினோராவது ஸ்பிரிங்கோடு வந்தார். உட்காரவே இல்லை. துப்பாக்கியைப் பிரிப்பார், மாட்டுவார், ஐந்து குண்டு சுடுவார், மறுபடி பிரிப்பார். டிபன் டப்பாவைக்கூடத் திறக்கவில்லை. கடைசியில் புதியது துப்பாக்கிக்குள் இருக்க, மிச்சம் பத்தையும் மேஜையில் பரப்பிவிட்டு மாஸ்டரைக் கூப்பிட்டார்.

"எதைப் போடட்டும், நீங்களே சொல்லுங்க மாஸ்டர். அதோட நிறுத்திக்கறேன்."

மாஸ்டர் அந்தப் பத்தைத் திரும்பியும் பார்க்கவில்லை. உள்ளே இருப்பதே இருக்கட்டும் என்றார். தோட்டா அடைக்கும் மேகசினை வாங்கி, முதுகைக் காட்டி நின்று ஐந்து தோட்டாக்களை நிரப்பினார். சுடச் சொல்லிக் கொடுத்தார்.

முதல் குண்டு வெடித்தது. இரண்டாவதும் வெடித்தது. மூன்றாவதற்கு விசையை இழுத்தார். டிக் என்ற சத்தம் மட்டும்தான் வந்தது. மாஸ்டர் நடுவில் மருந்தில்லாத வெறும் தோட்டா ஒன்றைச் செருகியிருந்தார். குண்டு போகவில்லை, மேல்பாகம் இம்மியும் அசையவில்லை. ஆனால் துப்பாக்கி முனை மட்டும் இரண்டு விரற்கடை கீழே குத்தி நின்றது. சென்னியப்பனின் மணிக்கட்டு இறுகியிருந்தது, கண் இறுக்க மூடியிருந்தது.

வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். அன்றைக்குப் பாவமாக இருந்தது.

மாஸ்டர் கேட்டார்: "ஏனுங்கண்ணா, குண்டே போகலை. ஸ்பிரிங்கும் அசையலை. யாரு உதைச்சா?"

அவர் கண்ணைத் திறந்து முனையைப் பார்த்தார். மாஸ்டர் துப்பாக்கியை வாங்கி, தோட்டாக்களை எடுத்துவிட்டு மேஜையில் வைத்தார். சென்னியப்பன் உள்ளங்கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டார். உதைக்குமே என்று முனகினார். முகம் சிவந்துவிட்டது.

பிறகு மெல்லக் கேட்டார். "அப்ப ஞாயித்துக்கிழமைக்கு எதைத்தான் போடறது மாஸ்டர்?" பழக்கதோஷம், கை தானாக அந்தப் பத்தின் பக்கம் போனது.

"இருக்கறதே இருக்கட்டுங்கண்ணா. மொதல்ல அது உதைச்சு முடிக்கட்டும். அப்புறமா பயந்துக்கலாம்."