வாங்கின நிலையில்

பிஜித் தீவில் ஏஜென்ட் ரத்னவேலு நடந்து வந்தால் கரும்புகூட வளைந்து கும்பிடும். அப்படி ஒரு மிடுக்கு. தீவுக்காரர்களின் நிலத்தைக் குத்தகைக்கு விடுவது அவர் வேலை. வீரம்மாவின் அப்பா எடுத்த குத்தகை முடிந்தது. அவளுடைய கரும்பு வயல்மேல் ஏஜென்ட்டின் மச்சானுக்கு ஒரு கண்.

வெள்ளை பூட்ஸ் போட்டுக்கொண்டு வந்த ரத்னவேலு பத்திரத்தை ஆட்டினார். "ஒண்ணாம் தேதி காலி பண்ணு! பத்திரத்துல உள்ளபடி ஒப்படைக்கணும். ஓர் எழுத்து பிசகினாலும் கோர்ட்டுதான்!"

"கண்ணாடிய வீட்டுல வச்சிட்டேன். கடைசி வரியை நீங்களே படிங்கய்யா."

தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார்: "நிலத்தை வாங்கிய நிலையிலேயே திருப்பித் தர வேண்டும்."

"ஆகட்டுங்க" என்றாள் வீரம்மா. கரும்பை வெட்டி ஆலைக்கு அனுப்பினாள். அப்பா வெட்டிய வடிகாலை அடைத்தாள். மழை மீதியைப் பார்த்துக்கொண்டது.

ஒன்றாம் தேதி மச்சானோடு வந்த ரத்னவேலு வயலில் கால் வைத்தார். முழங்கால்வரை சேறு!

"என்ன இது?"

"அப்பா வாங்கினப்ப சதுப்புதானுங்க. பத்திரத்துலயும் அப்படித்தான் இருக்கு. தவளையும் கொசுவும் தானா வந்துருச்சு. அப்ப இருந்த காட்டுப்பன்னிதான் ரெண்டு குறையுது. ஒரு வாரம் டைம் குடுங்க."

மச்சான் ஓடியே போய்விட்டார். இந்தச் சதுப்பை வேறு யார் எடுப்பார்கள்? குத்தகை வராவிட்டால் நிலத்துக்காரர்கள் ஏஜென்ட்டின் தலையை உருட்டுவார்கள். ரத்னவேலு காலை உருவினார். கால் வந்தது, பூட்ஸ் வரவில்லை.

"முப்பது வருஷத்துக்கு நீயே வச்சுக்கோ, தாயே! என் பூட்ஸை எடுத்துக் குடு!"

"கையெழுத்துப் போடுங்க, எடுத்துத் தர்றேன். ஆனா வாங்கின நிலையில கிடைக்காதுங்க."