இருட்டறையில் வளர்ந்த நாய்

குருவைத் தேடிப் போவதற்கு வயது ஒரு கணக்கா என்ன? டாக்டர் ஆளவந்தாருக்கு அந்த வேளை அறுபதை நெருங்கும்போது வந்தது. குருவோ அவரைவிட இருபது வயது சின்னவர். பெயர் மரியபுஷ்பம், குடல் நோய் டாக்டர். மலையடிவாரத்தில் மாந்தோப்புகளுக்கு நடுவே ஒரு சின்ன ஆஸ்பத்திரி வைத்திருந்தார்.

ஆளவந்தார் லேசுப்பட்ட ஆள் இல்லை. பண்ருட்டிப் பக்கம் அவரைக் கைராசிக்காரர் என்று கொண்டாடுவார்கள். சளியா, காய்ச்சலா, வயிற்றுப்போக்கா, எதுவானாலும் ஒரு ஊசி, கைநிறைய மாத்திரை. மறுநாளே ஆள் எழுந்து வேலைக்குப் போய்விடுவான். காய்ச்சல் தானாக இறங்கட்டும் என்று சொல்கிற டாக்டரிடம் எவன் வருவான்? நம் ஜனங்களும் சும்மா இல்லையே, ஊசி போடாவிட்டால் டாக்டர் என்றே ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அதனால் வந்தவர் அத்தனை பேருக்கும் முதல் நாளே ஆன்டிபயாடிக்தான்.

அப்பேர்ப்பட்டவர் கிளினிக்கைப் பூட்டிவிட்டு இங்கே வந்து கிடந்தார். காரணம், ஒரே மகள் அமுதவல்லி. பெருங்குடல் முழுக்கப் புண்ணாகி, ரத்தம் ரத்தமாகப் போய்க்கொண்டிருந்தது. கொடுத்த மருந்து எதுவும் கேட்கவில்லை. மிச்சம் இருந்தது பெருங்குடலையே வெட்டி எடுக்கிற ஆபரேஷன். பெண் இருந்த இருப்பில் அந்த ஆபரேஷனைத் தாங்குவாளா என்பதே சந்தேகம்.

மகளுக்குத் துணையிருக்க வந்த மனிதர், புஷ்பம் டாக்டர் பேசுவதைக் கேட்டுக் கேட்டு, ஒருநாள் கையைக் கட்டிக்கொண்டு போய் நின்றார்.

"எனக்குப் பாடம் சொல்லிக்கொடுங்கம்மா."

"ஐயோ, நீங்க எனக்கு சீனியர் சார்."

"சீனியராவது ஒண்ணாவது. என் பொண்ணைக் காப்பாத்தத் தெரியல. சீடனா வெச்சுக்குங்க."

அந்தம்மாவும் மறுக்கவில்லை. அன்றிலிருந்து அவர் வார்டுக்குப் போனால் இவரும் பின்னாலேயே போவார்.

ஒருநாள் காலை, மகளைப் பார்த்துவிட்டு வெளியே வந்ததும் ஆளவந்தார் மனதை அரித்துக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டார்.

"எந்தக் கிருமிம்மா இவளை இப்படித் தின்னுது? பேரைச் சொல்லுங்க. அதைக் கொல்ற மருந்து உலகத்துல எங்க இருந்தாலும் வரவழைச்சுடறேன்."

"கிருமி இல்ல சார். அவளைக் கடிக்கிறது நோயை எதிர்க்கிற அவளோட காவல் அணுக்கள்தான்."

"காவலுக்கு இருக்கறது எதுக்குக் கடிக்கணும்?"

புஷ்பம் செருப்பை மாட்டிக்கொண்டு, "வாங்க, பக்கத்துத் தோப்பு வரைக்கும் போயிட்டு வரலாம்" என்றார்.

தோப்புக்காரர் வெள்ளைச்சாமிக்கு வலது கையில் பெரிய கட்டு. கம்பிக் கூண்டுக்குள் ஒரு நாய் குரைத்தது பாருங்கள், ஆளவந்தார் இரண்டடி பின்னால் போய்விட்டார். முதுகு மயிரெல்லாம் சிலிர்த்து நின்றது. கம்பியைக் கடித்துக் கடித்து ஈறில் ரத்தம் கட்டியிருந்தது.

"கை எப்படி இருக்குண்ணே?" என்று புஷ்பம் கேட்டார்.

"நீங்க போட்ட தையல்தானம்மா, ஆறிட்டு வருது."

"சார்கிட்ட நாயை வளர்த்த விதத்தைச் சொல்லுங்க."

"அதை ஏன் கேக்குறீங்க சார்? மாம்பழ சீசன்ல திருட்டுத் தொல்லை தாங்கல. குட்டியிலேயே இருட்டறையில போட்டு அடைச்சா நாய் நல்லா காவல் காக்கும்னு சொன்னாங்க. எங்க பக்கத்துல அப்படித்தான் பண்றது. நானும் அடைச்சுட்டேன். மனுச முகமே காட்டல. ஆடு, கோழி எதையும் அண்ட விடல. சோத்தைக்கூட சந்து வழியாத்தான் தள்ளுவேன்."

"காவல் காத்துச்சா?"

"எங்க சார்! திருடன் யாரு, வீட்டுக்காரன் யாருன்னு அதுக்கு என்ன தெரியும்? எம் பேத்தி மேல பாஞ்சுது. நடுவுல போனேன், சோறு போடற கையைக் கடிச்சுக் கிழிச்சுடுச்சு."

"இனிமே பழக்க முடியாதா?"

"பாக்குறேன் சார். வளந்துபோச்சே. குட்டியில நாலு பேர் முகத்தைப் பாத்திருந்தா இப்படி ஆயிருக்காது. அது மேல என்ன தப்பு இருக்கு, பாவம்."

திரும்பி வரும்போது ஆளவந்தார் பாதி வழியிலேயே நின்றுவிட்டார்.

"நான் என் பொண்ணை ராணி மாதிரி வளர்த்தேன்மா. இருட்டறையில போடலையே."

"பொறந்த குழந்தை வயித்துல கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் வந்து குடியேறும். அதுல நல்லது பொல்லாதது எல்லாம் கலந்துதான் வரும். அதுங்களோட பழகிப் பழகித்தான் காவல் அணுக்கள் ஆளை அடையாளம் காணக் கத்துக்கும், எதை விரட்டணும், எதை விட்டுடணும்னு. ஆன்டிபயாடிக் கொடுத்தா அது நல்லது பொல்லாதது பார்க்காம அத்தனையையும் கொன்னுடும். அமுதாவுக்குக் குழந்தையில என்ன மருந்து கொடுத்தீங்க சார்?"

ஆளவந்தார் கொடுத்தது அதைத்தான். பல் முளைத்த காய்ச்சலுக்குக் கொடுத்தார். தும்மினால் கொடுத்தார். பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பிள்ளை இருமினால்கூட முன்னெச்சரிக்கையாகக் கொடுத்தார். டாக்டர் மகள், ஒருநாள்கூட லீவு போடாதவள் என்று ஊரெல்லாம் பெருமை பேசினாரே.

"அப்போ நான்தான் காரணமா?"

"அப்படி அடிச்சுச் சொல்ல முடியாது சார். பரம்பரை இருக்கும், வேற என்னென்னவோ இருக்கும். அதுவும் ஒண்ணா இருக்கலாம்."

இருக்கலாம்! ஆமாம் என்று சொல்லியிருந்தால் ஒரேயடியாக அழுது தீர்த்திருப்பார். இல்லை என்று சொல்லியிருந்தால் நிம்மதியாக மூச்சு விட்டிருப்பார். இந்தச் சொல்லை வைத்துக்கொண்டு மனிதர் என்னதான் செய்வார்?

வார்டுக்குள் போனார். அமுதவல்லி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். கன்னம் ஒட்டி, கண் உள்ளே போயிருந்தது. அப்பாவின் காலடிச் சத்தம் கேட்டதும் மெல்லத் திரும்பினாள்.

"அப்பா, சின்ன வயசுல ஒரு மாத்திரை கொடுப்பியே. போட்ட உடனே சரியாயிடுமே. அது ஒண்ணு கொடேன்ப்பா. இவங்க தர்றது எதுவும் கேக்கல."

அவர் அவள் தலையைத் தடவினார். தடவிய கையில் முடி கொத்தாக வந்தது. அதை அவள் பார்க்காமல் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு வெளியே ஓடினார். 

புஷ்பத்தின் அறைக்குள் போய்த் தொப்பென்று நாற்காலியில் உட்கார்ந்தார்.

"போனதைத் திரும்பக் குடியேத்த வழியே இல்லையாம்மா?"

"ஒரு வழி இருக்கு. ஆரோக்கியமான ஒருத்தரோட மலத்துல அந்த நுண்ணுயிர்கள் உயிரோட இருக்கும், அதை எடுத்து, பக்குவம் பண்ணி, அவ குடலுக்குள்ள செலுத்திப் பார்க்கலாம். சிலருக்குக் கேட்கும், சிலருக்குக் கேட்காது. ஆபரேஷனுக்கு முன்னாடி ஒரு தடவை முயற்சி பண்ணலாம்னுதான் நானும் நினைக்கிறேன். ஆனா இங்க கொடுக்க வந்தவங்க யாரும் பரிசோதனையில தேறல."

பழைய ஆளவந்தாராக இருந்தால் சிரித்திருப்பார். மலமாவது, மருந்தாவது! இப்போது எழுந்து நின்று கும்பிட்டார்.

"என்னோடதை எடுத்துக்குங்க. இப்பவே எடுத்துக்குங்க."

"கடைசியா எப்போ ஆன்டிபயாடிக் சாப்பிட்டீங்க?"

"போன வாரம். தொண்டை கொஞ்சம் கரகரன்னு இருந்துச்சு."

"அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முந்தின மாசம், சளிக்கு."

"அமுதாவோட அம்மா?"

"அவளுக்கும் நான்தானே டாக்டர்."

வெளியே யாரோ வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்கள். புஷ்பம் மேஜையில் இருந்த தண்ணீரை அவர் பக்கம் நகர்த்தினார். அவர் தொடவில்லை. சட்டென்று முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது, பாவம்.

"எங்க ஊர் இருக்கேம்மா! பூரா நான் வைத்தியம் பார்த்து வளர்ந்த பிள்ளைங்க. அத்தனை பேரும் என்னைக் கண்டா எழுந்து நிப்பாங்க. அமுதாவுக்குன்னு சொன்னா போதும், வண்டி கட்டிக்கிட்டு ஓடி வருவாங்க. மாட்டேன்னு ஒருத்தன் சொல்ல மாட்டான்."

புஷ்பத்தின் கண் கலங்கியிருந்தது.

"வருவாங்க சார். ஆனா அவங்க வயித்துல நீங்க எதை மிச்சம் வெச்சிருக்கீங்க?"